மக்காத வைக்கோல்

1980 பிப்ரவரி 15, வெள்ளிக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். வேப்பங்குச்சி. 5.40க்குக் கழியோரம் ஒரு சுற்று, நீர் வற்றம். 6.30க்குக் கேழ்வரகுக் கூழ், சுட்ட கருவாடு. ஆட்கள் பதினெட்டுப் பேரும் வேலைக்கு வந்தார்கள். பிற்பகல் 3.30க்குள் எண்ணெய் வைக்கோல் முழுவதும் அப்புறப்படுத்தப்பட்டது. 4.15க்கு லாரி. 8.20க்கு உத்திரமேரூர்.

அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியது இவ்வளவுதான். பதினேழு வயதிலிருந்து கோடு போட்ட நோட்டில் நாள் தவறாமல் எழுதி வருகிறேன். மழை பெய்தால் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்றும், பஸ் தாமதமானால் எத்தனை நிமிடம் என்றும் இருக்கும். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். மேலே உள்ள குறிப்பில் ஒரு வாக்கியம் மட்டும் பொய். வைக்கோலைப் பற்றியது. அந்தப் பக்கத்தில் இப்போது ஒரு முழ நீளத்துக்கு ஒரு வைக்கோல் தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து கசிந்த எண்ணெய் ஊறிக் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கத்தில் தலைகீழாகத் தெரிகிறது. அந்த வைக்கோலைப் பற்றியும் ஒரு அக்காவைப் பற்றியும் எழுத வேண்டும். எட்டு வருடமாக எழுதாமல் இருந்தேன்.

அப்போது நான் உத்திரமேரூர் ஒன்றியத்தில் கிராம சேவக். சைக்கிளில் ஊர் ஊராகப் போய் விதை நேர்த்தி, உரம், பூச்சி மருந்து பற்றிச் சொல்வது வேலை. எனக்குப் பிடித்த பாடம் தழை உரம். புங்கன் தழையையும் கொளுஞ்சியையும் நடவுக்கு முன்னால் சேற்றில் போட்டு, ஆட்கள் வரிசையாக நின்று மிதித்து இறக்கிவிட்டால், சில வாரங்களில் மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும். மானாம்பதியில் நானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்று மிதித்துக் காட்டியிருக்கிறேன். மண்ணுக்குள் போவது எல்லாம் மக்கும் என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இருந்ததில்லை.

அந்த அக்காவை நான் அறிந்தது எங்கள் உரக் கிடங்குக்குப் பக்கத்தில் இருந்த, சுண்ணாம்பு சுடும் காளவாயில். மதுராந்தகத்துக்குக் கிழக்கே, கடலோடு சேரும் ஓர் உப்பங்கழியின் கரையில் அவருடைய குப்பம். கழியில் மட்டி எடுப்பார். சதையைக் குப்பத்திலும் சந்தையிலும் விற்றுவிட்டு, ஓட்டை, அதாவது கிளிஞ்சலை, மூட்டை கட்டி, மாதம் இரண்டு முறை இரண்டு பஸ் மாறி எங்கள் ஊருக்குக் கொண்டு வருவார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். கிடங்கு வாசலில் என்னைப் பார்த்தால் சும்மா போகமாட்டார். "இன்னா சேவக்கய்யா, இன்னிக்கு எந்த வயலுக்குப் போயி யாரப் பேஜார் பண்ணப் போறே?" என்பார். ஒருமுறை, மட்டியை எப்படித் தேடுவீர்கள் என்று கேட்டேன். சேற்றைக் கண்ணால் பார்த்து ஒன்றும் தெரியாது, எல்லாம் கால்தான் என்றார். இடுப்பளவுத் தண்ணீரில் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே பாதத்தால் துழாவ வேண்டும். "உசுரோட கீற மட்டியா, வெறும் ஓடான்னு பெருவெரலு சொல்லிடும்யா. கண்ணு ஏமாத்தும். காலு ஏமாத்தாது."

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு நாள் அவர் கொண்டு வந்த மூட்டையைக் காளவாய்க்காரர் அவிழ்த்துக் கொட்டினார். ஓடுகளின் விளிம்பெல்லாம் கறுப்பு. தொட்டால் விரலில் ஒட்டியது.

"இன்னா இது, கிளிஞ்சல் கேட்டா கரியக் கொண்ணாந்து கொட்டறே?" என்றார் அவர்.

"கடலே கரியாப் பூட்ச்சி நைனா. எனுக்கு மட்டும் வெள்ளையா வருமா?" என்றார் அக்கா. சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

கடலில் எங்கோ ஒரு கப்பல் தரை தட்டி எண்ணெய் கொட்டியிருந்தது. அலை அதைக் கொண்டு வந்து முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் தள்ளியிருந்தது. தண்ணீர்மேல் இரண்டு விரல் தடிப்புக்கு எண்ணெய் மிதக்கிறது, நண்டுகள் வளையை விட்டுக் கரையேறிச் சாகின்றன என்றார். கழியின் நடுவில் ஒரு மேடு இருக்கிறது, மட்டித் திட்டு என்பார்கள்; வற்றத்தில் வெளியே தெரியும், ஏற்றத்தில் மூழ்கிவிடும். அவருடைய குப்பத்தில் பத்துப் பன்னிரண்டு வீட்டுப் பெண்களுக்கு அந்தத் திட்டுதான் வயல். மேலேதான் எண்ணெய், அடியில் மட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது, காலால் பார்த்தேன் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நெலத்துக்குத்தான் வைத்தியம் பாப்பியா, தண்ணிக்கும் பாப்பியா சேவக்கய்யா? அங்க மீன்வள ஆய்வாளரு வைக்கோல் வைக்கோல்னு அலையறாரு. எங்க வூர்ல வைக்கோல் ஏது? மணல்தான் கீது" என்றார்.

வைக்கோல் எண்ணெயை உறிஞ்சும். இது எனக்கும் தெரியும். மோட்டார் கொட்டகையில் எண்ணெய் சிந்தினால் வைக்கோலைத்தான் போடுவோம். அறுவடை முடிந்து களங்களில் போர் போராக நின்ற நேரம். அன்று மாலையே மானாம்பதிக்குப் போனேன். அங்கே நடவு ஆட்களுக்கு ஒரு மேஸ்திரி. வாய் ஜாஸ்தி, மனசும் ஜாஸ்தி. "கடலுக்கு இன்னா சார், மாடா கீது வைக்கோல் துன்ன?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு கட்டு என்று அவரே சொல்லிச் சேர்த்துக் கொடுத்தார். ஒன்றிய அலுவலகத்தில் அனுமதி வாங்கி, இரண்டு லாரி வைக்கோலோடும் பதினெட்டு ஆட்களோடும் 12ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை கழிக்கரையில் இறங்கினேன். மானாம்பதி ஆட்களில் பாதிப் பேர் அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள். ஒருவர் குனிந்து தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்து, உப்புதான், எண்ணெய்தான், இரண்டும் என்றார்.

மீன்வள ஆய்வாளர் மெலிந்த மனிதர், மென்மையாகப் பேசுவார். வேலை முறையை அவர் சொன்னார்: ஏற்றத்தில் தண்ணீர்மேல் வைக்கோலைப் பரப்ப வேண்டும். வற்றத்தில் அது திட்டின்மேல் தங்கும். அதை வாரிக் கட்டி, இரண்டு பர்லாங் தள்ளிச் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் வெட்டியிருந்த குழிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். திட்டில் நடக்கும்போது பலகை போட்டு அதன்மேல் நடக்க வேண்டும். இதையெல்லாம் அன்றைய குறிப்பில் வரிசையாக எழுதியிருக்கிறேன். "பலகைமீது நடக்க வேண்டும், ஆய்வாளர்" என்று தனி வரியாகவே இருக்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை. வழுக்கும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கால் பட்டால் எண்ணெய் சேற்றுக்குள் இறங்கிவிடும் என்பது பின்னால்தான் புரிந்தது. எழுதி வைத்துவிட்டால் புரிந்துகொண்ட மாதிரி என்று ஒரு பழக்கம் எனக்கு உண்டு.

மூன்று நாள் ஒழுங்காக நடந்தது. நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. முந்தின மாலையே ஆய்வாளர் அலுவலக வேலையாகச் செங்கல்பட்டுக்குப் போய்விட்டார். சனிக்கிழமை அமாவாசை, அதோடு சூரிய கிரகணம். அந்தக் கிரகணம் எல்லாருக்கும் நினைவிருக்கும். பல நாளாகப் பேச்சே அதுதான். மதியத்தில் இருட்டும், வெளியே தலைகாட்டக் கூடாது என்று ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்தது. ஒரு லாரிதான் வந்திருந்தது. அதன் டிரைவரும் இன்றைக்கு நாலு மணிக்கு எடுத்தால் உண்டு, இல்லையென்றால் திங்கட்கிழமைதான் என்று சொல்லிவிட்டான். நாலு நாளில் சேர்ந்த எண்ணெய் வைக்கோலில் முக்கால் பங்கு குழிக்குப் போய்விட்டது. கால் பங்கு திட்டின்மேல் கறுத்த போராகக் கிடந்தது. அமாவாசை ஏற்றம் மற்ற நாள் மாதிரி இராது. மாலையில் வந்து அத்தனையையும் மறுபடி கழி முழுக்கப் பரப்பிவிடும். தூக்கி முடிக்க இன்னொரு முழு நாள் வேண்டும்.

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சார், என் பொண்ணு புள்ளத்தாச்சி, வூட்ல கீது. கெரகணத்தன்னிக்கு நான் இங்க இருக்க முடியாது. இந்தப் பசங்களும் நிக்கமாட்டானுங்க. நான் ஒண்ணு சொல்றேன் கேளு. இத்தப் போயி அம்மாந்தூரம் தூக்கிக்கினு... இங்கியே பரப்பி மெறிச்சி வுட்டா ஆடிக்குள்ள மக்கிப் பூடும். தழ மெறிக்கறாப்பலதானே? நீதானே சார் வூரு வூரா வந்து இத்தச் சொல்லிக்கினு கீறே?"

ஆமாம், நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. என் பாடத்தை என் மாணவனே திருப்பிச் சொன்ன மாதிரி ஒரு சந்தோஷம்கூட வந்தது. சரி என்றேன்.

அக்கா கரையில் சாப்பாட்டுக் குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். "அடியில மட்டி கீதேய்யா. மூச்சு முட்டாதா?" என்றார்.

"அஞ்சு மாசம்க்கா. மக்கி எருவாயிடும். எரு இருந்தா புழு பூச்சி வரும், மட்டிக்கும் அதான் தீனி. ஆடியில நீங்களே வந்து சொல்லுவீங்க பாருங்க" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அன்று குறித்து வைக்கவில்லை. குறிக்காமலே நினைவில் இருக்கிறது. "எனுக்கு இன்னா தெரியும்? நீ படிச்சவன்" என்றார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மானாம்பதி ஆட்களுக்கு நடுவே வரிசையில் வந்து நின்றார்.

வயலில் மிதிப்பது போலவே மிதித்தோம். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, இடது கால் இறக்கி, எடுத்து, வலது கால் இறக்கி. மேஸ்திரி முன்னால் நின்று "ஏ, மாடுங்களா, நல்லா எறக்கு, ஓரத்துல வைக்கோல் கொண்டை தெரீது பாரு" என்று கத்திக்கொண்டே இருந்தார். ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. கறுப்பு வைக்கோல் ஒரு தாள்கூட வெளியே தெரியாமல் உள்ளே போனது. முடிந்தபோது திட்டு, பரம்படித்த நாற்றங்கால் மாதிரி சமமாக, அழகாக இருந்தது. அக்கா கடைசியாக ஒருமுறை பாதத்தால் அதைத் தட்டிப் பார்த்தார், தூங்குகிற குழந்தையைத் தட்டுவது போல. எல்லாரும் மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் வைத்துக் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு லாரியில் ஏறினோம்.

ஊருக்கு வந்து, குழிக்குத் தூக்கியதாகப் பொருள்படும்படி அந்த வாக்கியத்தை எழுதினேன். தப்பு செய்தோம் என்று தெரிந்து எழுதவில்லை. ஆய்வாளர் சொன்ன முறை வேறு, ஏன் மாற்றினாய் என்ற கேள்வி வரக்கூடாது என்று எழுதினேன். கேள்வி வரும் என்ற அளவுக்கு எனக்குத் தெரிந்திருக்கிறது என்பதைப் பின்னால்தான் யோசித்தேன். மறுநாள் கிரகணத்தின்போது கதவை அடைத்துக்கொண்டு, மங்கிப்போன வெளிச்சத்தில் அதே வாக்கியத்தை அறிக்கையிலும் எழுதி, ஒரு நகல் ஆய்வாளருக்கு அனுப்பினேன்.

மே மாதம் அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். வெயிலில் சேறு சூடாகித் திட்டின் மேல் நீலமும் ஊதாவுமாக எண்ணெய் பூத்திருந்தது. மட்டிகள் வாயைப் பிளந்து மேலே வந்து கிடந்தன. நாற்றம் கரையிலேயே அடித்தது. ஆய்வாளர் கையை முழங்கை வரை விட்டு ஒரு பிடி சேறு எடுத்து முகர்ந்து பார்த்தார். அவர் கைபட்ட இடத்தில் நல்ல வேளையாக வைக்கோல் இல்லை. நல்ல வேளையாக என்றுதான் அப்போது நினைத்தேன்.

"வைக்கோல் மொத்தமும் குழிக்குத்தானே போச்சு? திட்டுல ஒண்ணும் தங்கலையே?" என்று கேட்டார்.

"ஆமாம் சார். எல்லாம் குழிக்குப் போயிடுச்சு" என்றேன்.

அக்கா நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் இது கடலிலிருந்து புதிதாக வந்துகொண்டிருக்கிறது, கப்பல் இன்னும் கசிகிறது என்று ஆய்வாளர் முடிவு கட்டினார். அடுத்த மூன்று வருடம் அவர் பட்ட பாடெல்லாம் அந்த முடிவின்மேல் நின்றது. முகத்துவாரத்தில் மூங்கில் தட்டி அடித்து அதில் வைக்கோல் புரிகளைக் கட்டினார், எண்ணெய் உள்ளே வராமல் இருக்க. உள்ளே வர எண்ணெயே இல்லை. தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று நம்பி, 1981 ஜனவரியில் தெற்கே இன்னொரு கழியிலிருந்து குஞ்சு மட்டிகளை ஈரச் சாக்கில் கட்டி லாரியில் கொண்டு வந்தார். வெயில் ஏறுவதற்குள் இறக்க வேண்டும் என்று குப்பத்துப் பெண்கள் ஓடினார்கள். அக்கா நாற்று நடுவது போல ஒவ்வொன்றாக, வாய்ப்பக்கம் மேலே வரும்படி சேற்றில் செருகினார். நான் ஒரு கெஜச் சதுரத்துக்குக் கயிறு கட்டி எண்ணினேன், நாற்பது. பங்குனியில் போய் எண்ணினேன், நான்கு. வைகாசியில் கயிறு மட்டும் இருந்தது.

மறுவருடம், திட்டு கரையாமல் பிடித்துக்கொள்ளும், மீன் குஞ்சுகளும் அண்டும் என்று, உப்புத் தண்ணீரில் வளரும் அலையாத்திக் கன்றுகளை ஆய்வாளர் நட்டார். கழிக்கரையில் நட்டவை பிழைத்தன. திட்டிலும் ஓர் ஓரத்தில் நட்டவை பிழைத்தன, மற்றவை மஞ்சளாகிச் செத்தன. உயிரோடு இருந்த கன்றுகளுக்கும் செத்த கன்றுகளுக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல ஒரு கோடு. ஆய்வாளர் அந்தக் கோட்டின் மேல் முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். "இந்தப் பக்கம் உசிரு, அந்தப் பக்கம் சாவு. தண்ணி ஒண்ணுதானே, ஏன் இப்படி?" என்று என்னைத்தான் கேட்டார். அது மேஸ்திரி நின்று வரிசை பிடித்த எல்லை. எனக்கு அடிக்கணக்கில் தெரியும். அன்றைக்குச் சொல்லியிருந்தால், ஒரு கோடைக்குள் தோண்டி எடுத்திருக்கலாம். பதினெட்டு ஆட்களை மறுபடி கூட்டி வந்திருப்பேன். மேஸ்திரி திட்டிக்கொண்டே வந்திருப்பார். ஆனால் முதல் பொய்யைச் சொன்னவனாக நான் இருந்தேன். அறிக்கையில் என் கையெழுத்து இருந்தது. "தெரியலையே சார்" என்றேன்.

1983இல் இன்னொரு முறை மட்டி கொண்டு வந்தார். அதுவும் போயிற்று. அதன் பிறகு அவருக்கு மாற்றல் வந்தது. போகும்போது கிடங்கு வாசலில் நின்று, "காரணம் தெரியாமலே மருந்து போட்டுக்கிட்டு இருந்துட்டோம்" என்றார். என்னையும் சேர்த்து "டோம்" என்று சொன்னார். கைகொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தக் கழிக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. அக்கா காளவாய்க்கு வருவதும் அந்த வருடத்தோடு நின்றது. காளவாய்க்காரர் கொஞ்ச நாள் விசாரித்தார், பிறகு வேறு இடத்தில் கிளிஞ்சல் எடுத்துக்கொண்டார்.

இந்த வருடம், 1988 மே 8, ஞாயிற்றுக்கிழமை, மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன் சாப்பாடு முடிந்ததும் கடலோர பஸ்ஸில் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று எழுதப் பார்த்தேன், முடியவில்லை. மூன்று மணிக்கு நல்ல வற்றம். கரையில் கொக்குகள் நின்றன. திட்டில் ஒன்றுகூட இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். முழங்கால் வரை உள்ளே போனதும் பாதத்தில் ஏதோ தட்டியது. கையை விட்டு இழுத்தேன். வைக்கோல். எட்டு வருடம், இரண்டு மாதம், இருபத்து மூன்று நாள். ஒரு கணுகூட அழுகவில்லை. கறுப்பைத் துடைத்ததும் நேற்று அடித்த வைக்கோல் மாதிரி மஞ்சளாக இருந்தது. நுனியில் நெல் உதிர்ந்த காம்புகள்கூட அப்படியே இருந்தன. எண்ணெயும் மக்கவில்லை, வைக்கோலும் மக்கவில்லை; காற்றுப் புகாத அந்தச் சேற்றில் ஒன்றை ஒன்று காப்பாற்றிக்கொண்டு கிடந்திருக்கின்றன. நான் எடுத்த குழியில் தண்ணீர் ஊறி அதன்மேல் ஊதா வட்டம் விரிந்தது. இன்னும் எத்தனை வருடத்துக்கு விரியும் என்று எனக்குத் தெரியாது.

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம் அக்காவைப் பற்றிக் கேட்டேன். "அதுவா? வாலாஜாபாத்தாண்ட செங்கல் சூளைல கீது. இந்தக் கழிய வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்றார், தலை தூக்காமலே.

அந்த வைக்கோலை வீட்டுக்குக் கொண்டு வந்து, 1980ஆம் வருடத்து நோட்டில் அந்தப் பக்கத்தில் வைத்தேன். ஒரு வாரம் யோசித்தேன். 15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வாலாஜாபாத் பஸ் ஏறினேன். பாலாற்றங்கரைச் சூளை. காலை 9.40. குழியில் குழைத்த மண்ணில் நாலு பெண்கள் மிதித்துக்கொண்டிருந்தார்கள். முதுகைப் பார்த்தே அக்கா என்று தெரிந்தது. பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து மிதித்தது அவர் ஒருவர்தான்.

"அட, சேவக்கய்யா. தல நரச்சிப் பூட்ச்சே" என்றார். வெளியே வரவில்லை, மிதித்துக்கொண்டே பேசினார். நான் குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, வைக்கோலைக் காட்டினேன். சொல்ல நினைத்து வந்த வாக்கியங்களை வரிசையாகச் சொன்னேன். கப்பல் இல்லை, கடல் இல்லை, நாம் மிதித்ததுதான், நான் சொல்லி மிதித்தது, ஆய்வாளரிடம் மறைத்தேன் என்று.

அவர் கால் நிற்கவில்லை. "எனுக்குத் தெரியும்யா" என்றார். "குஞ்சு மட்டி வெச்சோமே, அன்னிக்கே கால்ல தட்டுச்சி. கணு கீறி ரத்தம் வந்துச்சி."

"அப்பவே ஏன்க்கா சொல்லல?"

"யாராண்ட சொல்றது? எழுதினவன் நீ. நீ சொல்லுவே சொல்லுவேன்னு பாத்தேன். அவரு கேக்க சொல்ல எல்லாம் ஒம் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன்." கால் ஒரு தரம் அழுத்தமாக இறங்கியது. "நானுந்தானே மெறிச்சேன். நான் மெறிச்சத நானே எப்டிப் போயி சொல்றது?"

பக்கத்தில் மிதித்த பெண், "இன்னாக்கா, யாரு இவுரு, எத்த மெறிச்சீங்க?" என்று கேட்டாள். "ம், பழைய கத. நீ கால எறக்கி மெறி, சூள மேஸ்திரி பாக்கறான்" என்றார் அக்கா. பிறகு குரலைத் தணித்து என்னிடம், "இப்ப தோண்டி எடுத்தா திரும்புமாய்யா?" என்று கேட்டார். அந்தக் குரலில் எண்பதாம் வருடத்துக் குரல் ஒரு துளி இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எந்தக் கேள்விக்கும் என்னிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும். என் வேலையே அதுதான். "தெரியலக்கா" என்றேன்.

அவர் சிரித்தார். கேலியாகத்தான் சிரித்தார், முன்பு கிடங்கு வாசலில் சிரித்த மாதிரியே. "இத்த அன்னிக்குச் சொல்லியிருக்கலாமே, சேவக்கய்யா" என்றார்.

பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சேற்றில் அவர் பெருவிரல் எதையோ துழாவுகிற மாதிரி மடங்கி மடங்கி நிமிர்ந்தது. பழக்கம் போலிருக்கிறது. அந்த மண்ணில் ஒன்றும் இல்லை. 11.05 பஸ்ஸில் திரும்பினேன்.

மறுநாள், மே 16, திங்கட்கிழமை. 5.10க்கு எழுந்தேன். முகம் கழுவுவதற்கு முன்னால், முதல் வேலையாக நோட்டை எடுத்து, வைக்கோலை ஓரமாக நகர்த்திவிட்டு, பொய்யான வாக்கியத்தின் கீழே இருந்த ஒரு வரி இடத்தில் "மிதித்தோம். நான் சொன்னேன்" என்று எழுதப் பேனாவை வைத்தேன். எண்ணெய் ஊறிய காகிதத்தில் மை பிடிக்கவில்லை. முள் வழுக்கிக்கொண்டு போயிற்று. மூன்று முறை எழுதிப் பார்த்தேன். பிறகு வைக்கோலை இருந்த இடத்திலேயே வைத்து நோட்டை மூடிவிட்டு, வேப்பங்குச்சி ஒடிக்கக் கொல்லைக்குப் போனேன்.